பழைய விமானத்துக்குப் பேரிங் தேடுதல்



ஐம்பது வயது விமானத்தில் பிள்ளையைப் பறக்கப் பழக விடலாமா என்று ஆர்ட்மோர் பக்கத்துப் பெற்றோர் கேட்பதுண்டு. வயதைவிட, பராமரிப்பைக் கேளுங்கள். இறக்கையின் பின்னோரத்திலும் வாலிலும் அசையும் தட்டுகள்தான் விமானத்தைத் திருப்புகின்றன. அவற்றைத் தாங்குபவை சிறிய பேரிங்குகள்; சில ஏறக்குறைய எங்கள் ஒரு டொலர் நாணய அளவுதான்.

கார்ச் சில்லின் பேரிங் முழுதாகச் சுற்றும். இது சில பாகைதான் முன்னும் பின்னும் அசையும். குண்டுகள் ஒரே இடத்தைத் தேய்க்க, கிறீஸ் விலகும். மிச்சத்தைக் கடற்காற்று பார்த்துக்கொள்ளும். தளர்ந்தால் தட்டு நடுங்கும். அந்த நடுக்கம் இறக்கையையே முறிக்க வல்லது.

விமானக் கம்பனி மூடப்பட்டிருந்தாலும் பேரிங்கில் எண் இருக்கும்: கேபி4 என்றால் துளை கால் அங்குலம். எண்ணை உதிரிப்பாகப் புத்தகத்தோடு ஒப்பிட்டே தேடவேண்டும். சாதாரணக் கடையில் அதே அளவில் மலிவாகக் கிடைக்கலாம். உலோகமும் கிறீஸும் வேறாக இருக்கும். பற்றுச்சீட்டில்லாத செலவைக் கணக்காளனான நான் ஏற்பதில்லை, விமானப் பொறியியலாளரும் அப்படித்தான். நியூசிலாந்தின் ‘போர்ம் வன்’, அமெரிக்காவின் 8130-3, அல்லது தயாரிப்பாளரின் தரச்சான்று கூட வரவேண்டும்.

பல வருடம் பெட்டியில் கிடந்ததென்றால், சான்று இருந்தாலும் கிறீஸ் காய்ந்திருக்கலாம். கையால் சுழற்றிப் பார்த்துத்தான் எடுப்பார்கள்.