பணி முடிந்தபின் கரையும் எலும்புத் தகடு

முறிந்த எலும்பிற்குச் சிம்பு வைத்துக் கட்டுவோர், எலும்பு கூடியதும் கட்டை அவிழ்த்துவிடுவர். உடலினுள் திருகப்பட்ட உலோகத் தகட்டை அவ்வளவு எளிதில் நீக்கவியலாது. மற்றுமோர் அறுவைச் சிகிச்சை வேண்டும். நீக்காது விடினும் இடருண்டு. துருப்பிடிக்காத எஃகின் விறைப்பு, எலும்பின் கெட்டியான புறப்பகுதியினதைப்போல் ஏறத்தாழப் பத்து மடங்கு. ஆதலின் எலும்பு சுமக்க வேண்டிய பாரத்தைத் தகடே ஏற்றுக்கொள்கிறது. எலும்பு தன்மீது ஏறும் பாரத்திற்கேற்பத் தன்னை அமைத்துக்கொள்ளும் என்று ஜெர்மானிய மருத்துவர் யூலியஸ் வோல்ஃப் 1892இல் வகுத்துரைத்தார்; பாரம் குறையின் அது மெலியும்.

தானே கரையும் தகடு கிடைத்தால் இவ்விரு இடரும் நீங்கும். 1984இல் ஹெல்சிங்கி மருத்துவர்கள், கணுக்கால் முறிவுகளைக் கரையும் பலபடிக் குச்சிகளால் பொருத்தத் தொடங்கினர். பாலிலாக்டிக் அமிலம் போன்ற பலபடிகளை உடலின் நீரே சிறுகச் சிறுகப் பிளக்கிறது. இறுதியில் அவை கரியமில வாயுவும் நீருமாய் வெளியேறுகின்றன. ஆயினும் அவை எலும்பினும் மிக நெகிழ்வானவை. சிதையும்போது தோன்றும் அமிலம் சிலருக்கு வீக்கத்தையும் உண்டாக்குகிறது.

கால்சியம் பாஸ்பேட்டுப் பீங்கான்களின் இயல்போ இதற்கு நேர்மாறு. விறைப்பு மிக்கவை, அமிலத்தைத் தணிப்பவை, எலும்போடு ஒன்றுபவை. ஆனால் எளிதில் நொறுங்குபவை. இரண்டையும் வெறுமனே கலந்தால், பீங்கான் தூள் மிகுந்தவுடன் கலவையும் நொறுங்கும்.

இங்குதான் அடுக்கமைப்பின் அருமையை நாம் உணர்கிறோம். முத்துச்சிப்பியின் உட்புற ஒளிர்படலத்தில் சுமார் 95 விழுக்காடு சுண்ணாம்புக் கனிமமே. எனினும் நுண்தகடுகளுக்கிடையே மெல்லிய புரதப் படலங்கள் இருப்பதால், விரிசல் நேராக ஓடாது. படலந்தோறும் திசைமாறி வலுவிழக்கிறது. இவ்வமைப்பைப் பின்பற்றி, 2006இல் அமெரிக்காவின் பெர்க்லி ஆய்வாளர்கள் ஒரு வழியை வெளியிட்டனர். எலும்பின் கனிமமான ஹைட்ராக்சிஅபடைட்டின் தூளை நீரிற் கலந்து ஒருபுறமிருந்து உறையச் செய்தனர். வளரும் பனித்தகடுகள் தூளை இடைவெளிகளுக்குள் ஒதுக்கின. பனியை ஆவியாக்கிச் சூளையிலிட்டபின் எஞ்சிய பீங்கான் அடுக்குகளிடையே பலபடியைப் புகுத்தினர்.

அங்குப் புகுத்தப்பட்டது கரையாப் பலபடி. கரையும் பலபடியைப் புகுத்தும்போது புதிய சிக்கல் எழுகிறது: அடுக்குகள் கூடுமிடத்தில் நீர் கசிந்தால், எலும்பு கூடுமுன்னரே பிடிப்பு தளரும். எனவேதான் கரையும் பொருத்திகள் இன்றும் முகவெலும்பு, சிறு மூட்டுகள் போன்ற பாரம் குறைந்த இடங்களிலேயே பெரிதும் பயன்படுகின்றன. தொடையெலும்பிற்கு உலோகமே துணை. எலும்பு வலுப்பெறும் வேகத்திற்கு இணையாகத் தன் வலுவை இழக்கும் தகடே நமக்கு வேண்டியது.