கடலே இல்லாத ஊருக்கும் கடல் வேண்டும்!

நேபாளத்துக்குக் கடற்கரை கிடையாது. பூடானுக்கும் கிடையாது. உலகில் இப்படி நாலாபக்கமும் நிலம் சூழ்ந்த நாடுகள் 40-க்கும் மேல் இருக்கின்றன. 'கடல் எப்படிப் போனால் நமக்கென்ன?' என்று அவை சும்மா இருந்துவிட முடியுமா? முடியாது. ஏன் என்று புரிய, சென்னைக்கு வடக்கே உள்ள கோட்டைக்குப்பம் வரை போய்வந்தால் போதும்.

பழவேற்காடு ஏரிக்கரையில் இருக்கும் மீனவர் ஊர் இது. ஒடிசாவின் சில்காவுக்கு அடுத்து, இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. 1613-ல் டச்சுக்காரர்கள் கெல்டிரியா கோட்டையைக் கட்டியதும் இந்த வட்டாரத்தில்தான்.

இங்கே பலருக்கும் பிழைப்பு ஏரியில்தான். ஆனால், ஏரிக்கு உயிர் கடலில் இருக்கிறது. இறால் முட்டையிடுவது கடலில். குஞ்சுகள் முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வந்து வளர்கின்றன. வளர்ந்ததும் கடலுக்கே திரும்புகின்றன.

வெயில் காலத்தில் ஆற்று வரத்து குறையும். அலைகள் கொண்டுவரும் மணல் முகத்துவாரத்தை அடைக்கும். அப்போது பழவேற்காடும் கடல் இல்லாத நாடு மாதிரிதான். தண்ணீர் வற்றி உப்பு ஏறும். இறால், மீன் வரத்து நின்றுபோகும்.

கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களில் 'பாடு' என்ற பழைய முறை உண்டு. நல்ல மீன்பிடி இடங்களில் யார், எந்த நாள் வலை போடுவது என்பதை முறைவைத்துப் பகிர்ந்துகொள்வார்கள். எல்லோருக்கும் வாய்ப்பு; சண்டைக்கும் இடமில்லை. ஆனால் தன் முறை வரும் நாளில் ஏரியில் இறால் இல்லையென்றால்? அன்று அந்தக் குடும்பத்துக்குக் கூலியும் இல்லை. முகத்துவாரத்தை நிரந்தரமாகத் திறந்துவைக்க வேண்டும் என்று மீனவர்கள் நெடுங்காலமாகக் கேட்டதன் காரணம் இதுதான். அதற்காகத் தமிழக அரசு கொண்டுவந்த திட்டத்தின் மதிப்பு 26 கோடியே 85 லட்சம் ரூபாய்.

நேபாளத்தின் கதையும் இதேதான். அதற்கு முகத்துவாரம் கொல்கத்தா, விசாகப்பட்டினம் துறைமுகங்கள். உலகச் சரக்கில் சுமார் 80 சதவிகிதம் கப்பலில்தான் போகிறது. கடல்வழி பாதுகாப்பாக இல்லையென்றால் காத்மாண்டு கடையிலும் விலை ஏறும். அதனால்தான் 1982-ல் உருவான ஐ.நா. கடல் சட்ட ஒப்பந்தம், கரையில்லாத நாடுகளுக்கும் கடலை அடையும் உரிமையைத் தந்தது.

மழையும் அப்படித்தான். வங்கக் கடலின் ஈரம்தான் வடகிழக்குப் பருவமழையாகி உள்மாவட்டக் கிணறுகளிலும் ஊறுகிறது.

கொடுக்கல் வாங்கல் ஒருவழிப் பாதை அல்ல. 2017 ஜனவரியில் எண்ணூர் அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு எண்ணூர் கழிமுகத்தில் பரவியது. முதல் கேடு கடலிலிருந்து வந்தது. இரண்டாவது, நிலத்திலிருந்து கடலுக்குப் போனது.

பழவேற்காட்டுக்கு வரும் ஆரணியாறு, ஊத்துக்கோட்டை, பொன்னேரி வழியாக ஓடி வருகிறது. அங்கே ஆற்றில் வீசும் பிளாஸ்டிக் பை வெள்ளத்தோடு இறால் குஞ்சுகள் வளரும் ஏரிக்கே வந்துசேரும். கடலைப் பார்த்தே இராத ஊர்க்காரரும் கடலைக் காக்கும் வேலையைத் தன் ஊர் வாய்க்காலிலேயே தொடங்கலாம்.