இளநீர்ப் புளிப்பில் மீன் ஏன் சாகிறது?

கொளத்தூர் சந்தையில் கலர் மீன் வாங்கிய வாசகர் ஒருவர் கேட்கிறார்: தொட்டித் தண்ணீரின் பி.எச். 5-க்கு இறங்கிவிட்டது, மீன் வெந்துவிடுமா? கடையில் இதற்கென ஒரு சொட்டு மருந்தையும் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

வேகாது. இளநீரின் பி.எச். கூட ஏறக்குறைய 5தான். 'அமிலத்தில் கரையும் மீன்கள்' என்று தலைப்புப் போடுகிறவர்கள் ஒரு மிடறு இளநீர் குடித்துவிட்டு எழுதலாம். ஆனால், அதே 5-ஐ ஒட்டிய தண்ணீரில்தான் தெற்கு நார்வேயின் பல ஆறுகளில் சால்மன் மீன் அற்றுப்போனது.

நன்னீர் மீனின் ரத்தத்தில் சோடியம் ஏறத்தாழ நமக்கு இருக்கும் அளவுக்கே உண்டு. கருங்கல் பூமியின் ஏரிகளிலோ அதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. நடுவே இருப்பது செவுளின் மெல்லிய தோல் மட்டும். அதன் செல்கள் செங்கல் என்றால், இடுக்குகளை இறுக்கிப் பிடிக்கும் கால்சியம்தான் சுண்ணாம்புச் சாந்து. அமிலத்தின் ஹைட்ரஜன் அயனி அந்தக் கால்சியத்தைத் தள்ளிவிட்டு அங்கே உட்கார்ந்துகொள்கிறது. சாந்து உதிர்ந்த சுவர் வழியே உப்பு வெளியே கசிகிறது. கசிந்ததை மீட்டுவரச் செவுளிலேயே சில செல்கள் உண்டு, ஒழுகும் வீட்டில் விடிய விடிய வாளியோடு நிற்கும் பாட்டியைப்போல. பாட்டி கையையும் அமிலம் கட்டிவிடுகிறது. (பாட்டி வெளியே இறைப்பார், செவுள் உள்ளே இறைக்கிறது. உவமையை இதற்குமேல் இழுத்தால் வீடே விழுந்துவிடும்.)

எனக்குப் பிடித்த இடம் இதற்கப்புறம்தான். ரத்தத்தில் உப்பு குறைந்ததும் அதிலுள்ள நீர் திசுக்களுக்குள் புகுந்துவிடுகிறது. மிஞ்சிய ரத்தம் கூழாகிறது. அந்தக் கூழைத் தள்ள மாட்டாமல் இதயம் நின்றுவிடுகிறது. தோலில் ஒரு காயமும் இருக்காது.

நார்வேயில், மண்ணிலிருந்து கரைந்துவந்த அலுமினியமும் செவுளில் படிந்து மூச்சை அடைத்தது. அமிலம் வந்தது மழையில். வரலாறும் வேண்டுமென்றால்: வேதியியலாளர் ராபர்ட் ஆங்கஸ் ஸ்மித் 1872-லேயே அமில மழை பற்றி எழுதிவிட்டார், 1967-ல் மண்ணியலாளர் ஸ்வான்டே ஓடேன் சுவீடன் நாளிதழில் எழுதியபோதுதான் ஊர் திரும்பிப் பார்த்தது. பிறகு சுவீடனும் நார்வேயும் ஏரியிலும் ஆற்றிலும் சுண்ணாம்புக்கல் பொடியைக் கொட்டின. அசல் கொத்தனார் வேலை!

அமேசானின் கிளையான ரியோ நெக்ரோவில் இந்தக் கணக்கு செல்லாது. தேயிலைச் சாறு நிறத் தண்ணீர், பி.எச். 5-க்கும் கீழே, கால்சியம் பேருக்குத்தான். அங்கே கார்டினல் டெட்ரா சுகமாக வாழ்கிறது. அதன் சுவர் கால்சியத்தை நம்பி நிற்பதில்லை. அதே டெட்ரா கலர் மீன் கடைகளிலும் கிடைக்கிறது.

வாசகரே, சொட்டு மருந்து இருக்கட்டும். தொட்டியில் இருப்பது என்ன மீன் என்று எழுதவே இல்லையே?