வானத்தில் போனது என்ன?

மஃரிப் தொழுது முடித்திருந்தோம். இஷாவுக்கு அதான் சொல்ல இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. முற்றத்தில் நின்ற என் தம்பி திடீரெனக் கத்தினான்.

"உம்மா, ஓடி வாங்க! வானத்துல என்னமோ போகுது!"

எல்லோரும் வெளியே ஓடினோம். தஸ்பீஹ் மணிகளை நூலோடு இழுத்துக்கொண்டு போவது போல, வெளிச்சப் புள்ளிகளின் வரிசையொன்று மேற்குப் பக்கமிருந்து மெதுவாக மேலேறி வந்தது. சத்தம் இல்லை. தலைக்கு மேலாகக் கடந்து கிழக்கு நோக்கிப் போகும்போது, முன்னால் சென்ற புள்ளியிலிருந்து ஒவ்வொன்றாக அணைந்து மறைந்தன.

பத்து நிமிடத்துக்குள் வட்ஸ்அப் குழுக்கள் நிறைந்துவிட்டன. ஒருவர் பறக்கும் தட்டு என்றார். இன்னொருவர் வேறு நாட்டின் உளவு விமானம் என்றார். மறுமை நாளின் அடையாளம் என்று குரல் பதிவு அனுப்பியவரும் இருந்தார். மூத்தம்மா "ஜின் கூட்டம் போகுது, உள்ளுக்கு வாங்க" என்று கதவைச் சாத்தினார். தம்பி அன்றிரவு விளக்கை அணைக்க விடவில்லை. உண்மையைச் சொன்னால் நானும் பயந்துதான் போனேன்.

மறுநாள் பயம் குறைந்ததும் ஒரு கேள்வி எழுந்தது. நாங்கள் கண்டது வரிசையாக நகர்ந்த வெளிச்சங்களை மட்டுமே. தட்டையோ, உளவு விமானத்தையோ, ஜின்னையோ யாரும் காணவில்லை. அவை நாங்களே சேர்த்துக்கொண்டவை. கண்டது ஒன்று, அதற்கு நாம் கொடுத்த விளக்கம் வேறொன்று. இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பது எப்படி என்று தேடியபோது கிடைத்தவையே இந்தக் கட்டுரை.

பிறை கற்றுத்தரும் முறை

வானத்தில் கண்டதை விசாரிக்கும் முறை நமக்குப் புதியதல்ல. ஒவ்வொரு மாதமும் 29ஆம் நாள் மாலை நம் சமூகம் அதைச் செய்கிறது. பிறை கண்டதாக ஒருவர் சொன்னால், அவர் நல்லவர் என்பதற்காக மட்டும் அது உடனே அறிவிக்கப்படுவதில்லை. எந்த இடத்தில் நின்றீர்கள், எத்தனை மணிக்குக் கண்டீர்கள், எந்தத் திசையில், எவ்வளவு உயரத்தில் இருந்தது, கொம்புகள் எப்பக்கம் பார்த்தன, உங்களோடு வேறு யார் கண்டார்கள் என்றெல்லாம் கேட்கப்படும். இளம்பிறை சூரியன் மறைந்த பக்கத்தில்தான் தெரியும். கொஞ்ச நேரத்தில் அதுவும் மறைந்துவிடும். இரவு பத்து மணிக்குக் கிழக்கில் கண்டேன் என்று ஒருவர் சொன்னால், அவர் பொய்யர் என்று அர்த்தமில்லை. அவர் கண்டது வேறேதோ என்றுதான் அர்த்தம்.

நம் மார்க்கத்தில் இதற்கு இன்னும் பெரிய முன்மாதிரி உண்டு. நபி (ஸல்) அவர்களின் மகன் இப்ராஹீம் மரணித்த நாளில் சூரிய கிரகணம் ஏற்பட்டது. அது கி.பி. 632 ஜனவரி 27 என்று வானியலாளர்கள் கணக்கிட்டுள்ளனர். இப்ராஹீமின் மரணத்துக்காகவே சூரியன் மறைந்தது என மக்கள் பேசிக்கொண்டார்கள். துயரத்தில் இருந்த நபியவர்கள் அந்தப் பேச்சை அப்படியே விட்டிருக்கலாம். ஆனால் சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் அத்தாட்சிகள், எவருடைய பிறப்புக்காகவும் இறப்புக்காகவும் அவற்றுக்குக் கிரகணம் பிடிப்பதில்லை என்று அவர்கள் திருத்தினார்கள். தமக்கு மதிப்புச் சேர்க்கும் வதந்தியைக்கூட அவர்கள் ஏற்கவில்லை.

நம் கடற்கரையின் வெளிச்சங்கள்

கற்பிட்டியிலிருந்து சிலாபம் வரை நம் மாவட்டத்தின் மேற்கு எல்லை முழுவதும் கடல். மறைக்க மலையில்லை. ஆகவே அடிவானம் வரை எல்லாமே தெரியும். ஏமாற வாய்ப்பும் அதிகம்.

முதலாவது வெள்ளிக் கோள். சூரியனுக்கும் சந்திரனுக்கும் அடுத்தபடியாக வானில் மிகப் பிரகாசமாகத் தெரிவது அதுவே. சில மாதங்களில் மாலையில் மேற்கிலும், வேறு சில மாதங்களில் விடியலுக்கு முன் கிழக்கிலும் இருக்கும். அடிவானத்துக்கு அருகில் இருக்கும்போது அதன் ஒளி தடித்த வளிப்படையினூடாக வருகிறது. ஒளிமுறிவினால் சிவப்பும் பச்சையுமாக மின்னும். பஸ்ஸில் போகும்போது தென்னை மரங்கள் பின்னால் ஓட, வெள்ளி மட்டும் நம்மோடு கூடவே வருவது போலிருக்கும். பல நாடுகளில் பறக்கும் தட்டாக அறிவிக்கப்பட்டவற்றில் வெள்ளிக்கு முக்கிய இடமுண்டு.

இரண்டாவது விமானம். கட்டுநாயக்கவுக்குப் போகும் விமானமொன்று நம்மை நோக்கி நேராக வரும்போது, அதன் முன்விளக்கு பல நிமிடங்கள் ஒரே இடத்தில் நிற்பது போலத் தெரியும். அது திரும்பியதும் ஒளி சட்டென்று மறையும். "நின்றது, பிறகு பாய்ந்து மறைந்தது" என்று சொல்லத் தோன்றுவது இயல்பே.

மூன்றாவது வள்ளங்களின் விளக்கு. கடற்கரையில் நிற்கும் ஒருவருக்கு அடிவானம் ஏறத்தாழ 5 கி.மீ. தூரம்தான். நிலவில்லாத இரவில் கடலும் வானமும் ஒரே கறுப்பாகிவிட, அந்த எல்லையில் எரியும் மீன்பிடி விளக்குகள் அந்தரத்தில் தொங்குவது போலிருக்கும். கடல்மேல் குளிர்ந்த காற்றும் அதற்கு மேல் வெப்பக் காற்றும் படிந்திருந்தால் ஒளி வளைந்து, விளக்கு உண்மையாகவே மேலே தூக்கிக் காட்டப்படும். இது கானல்நீரின் மறுபக்கம்.

நான்காவது செய்மதிகள். நமக்குச் சூரியன் மறைந்த பிறகும், சில நூறு கி.மீ. உயரத்தில் இருக்கும் பொருளுக்கு வெயில் அடித்துக்கொண்டிருக்கும். அந்த வெயில்தான் நமக்கு ஒளிப்புள்ளியாகத் தெரிகிறது. அது பூமியின் நிழலுக்குள் போனதும் அணைந்துவிடும். 2019 மே மாதத்தில் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனம் ஸ்டார்லிங்க் செய்மதிகள் 60ஐ ஒரே ரொக்கெட்டில் அனுப்பியது. அதன் பின் இவ்வாறான ஏவுதல்கள் தொடர்கின்றன. ஏவிய முதல் சில நாட்களில் அவை ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் போகும்.

எங்கள் தஸ்பீஹ் மாலை இதுவாக இருக்கலாம் என்று நினைத்தேன். ஆனால் நினைப்பது போதாதே! செய்மதிகள் நம் ஊரைக் கடக்கும் நேரத்தைக் கணித்துச் சொல்லும் இணையத்தளமொன்றில் பார்த்தேன். முதல்நாள் நாங்கள் கண்ட நேரமும் திசையும் பொருந்தின. மறுநாள் மாலைக்கும் ஒரு நேரம் தரப்பட்டிருந்தது. தம்பியையும் மூத்தம்மாவையும் அழைத்துக்கொண்டு முற்றத்தில் நின்றேன். சொன்ன நேரத்தில், சொன்ன பக்கத்தில் அந்த வரிசை வந்தது.

"அப்ப இது ஜின்னில்லையா?" என்றார் மூத்தம்மா.

"இல்ல மூத்தம்மா, மனுசர் செஞ்சது."

"அல்லாஹ் மனுசனுக்கு எவ்வளவு அறிவக் குடுத்திருக்கான்!" என்று சொல்லி, அது அணையும் வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜின்கள் இருப்பதை நாம் ஈமான் கொண்டிருக்கிறோம். அதற்காக விளங்காத ஒவ்வொரு வெளிச்சத்தையும் அவர்கள் மேல் போடும்படி யாரும் நமக்குச் சொல்லவில்லை.

பறக்கும் தட்டு பிறந்த கதை

1947 ஜூன் 24ஆம் திகதி கென்னத் ஆர்னல்ட் என்ற அமெரிக்க விமானி, ரெய்னியர் மலைக்கு அருகில் ஒன்பது பொருட்கள் வேகமாகப் பறந்ததைக் கண்டதாகச் சொன்னார். தண்ணீர் மேல் எறிந்த தட்டு தத்திப் போவது போல அவை நகர்ந்தன என்றுதான் அவர் விவரித்தார். பத்திரிகைகளோ "பறக்கும் தட்டு" என்று பெயர் வைத்துவிட்டன. நகர்ந்த விதத்தைச் சொன்ன உவமை, பொருளின் வடிவமாக மாறிவிட்டது! அதன் பிறகு ஆயிரக்கணக்கானோர் தட்டு வடிவிலேயே காணத் தொடங்கினார்கள்.

அமெரிக்க விமானப்படை 'புளூ புக்' என்ற திட்டத்தின் கீழ் 1969 வரை 12,618 அறிக்கைகளைச் சேகரித்தது. அவற்றில் 701 தவிர மற்றவற்றுக்கு விளக்கம் கிடைத்தது. அந்த 701ம் வேற்றுக்கிரகவாசிகள் என்று நிரூபணமாகவில்லை. முடிவு செய்யப் போதிய தகவல் பலவற்றில் இருக்கவில்லை. 2023 செப்டெம்பரில் நாசா வெளியிட்ட ஆய்வுக்குழு அறிக்கையும் வேற்றுக்கிரகத் தொடர்புக்கு ஆதாரம் காணவில்லை என்றது. "அடையாளம் காணப்படாதது" என்றால் இன்னும் தெரியாது என்பதே பொருள். தெரியாது என்ற சொல்லிலிருந்து "ஆகவே இதுதான்" என்ற முடிவுக்குத் தாவ முடியாது.

இலங்கைக் கடலில் விழுந்த பொருள்

நம் நாட்டுக்கே ஒருமுறை அடையாளம் தெரியாத பொருளொன்று வந்தது. 2015 ஒக்டோபர் 3ஆம் திகதி அமெரிக்காவின் கட்டலீனா வான் கண்காணிப்பு நிலையத்தினர் அதைக் கண்டார்கள். ஓரிரு மீற்றர் அளவானது. டபிள்யூ.டி. 1190 எஃப் என்று இலக்கம் கொடுத்தார்கள். அது நவம்பர் 13ஆம் திகதி முற்பகல் 11.48 அளவில் இலங்கையின் தெற்குக் கரையிலிருந்து சுமார் 100 கி.மீ. தூரக் கடலில் விழும் என முன்கூட்டியே கணித்தார்கள். அப்பகுதிக் கடலுக்கும் வானுக்கும் எச்சரிக்கை விடுக்கப்பட்டது. சொன்னபடியே அது வளிமண்டலத்தில் எரிந்தது. தரையிலிருந்தவர்களுக்கு மேகம் மறைத்தது. ஆனால் மேகத்துக்கு மேலே பறந்த விமானமொன்றில் இருந்த விஞ்ஞானிகள் அதைப் படம்பிடித்தார்கள். பெரும்பாலும் அது 1998 ஜனவரியில் லூனார் புரொஸ்பெக்டர் விண்கலத்தைச் சந்திரனுக்கு அனுப்பிய இயந்திரப் பகுதி என்று கருதப்படுகிறது.

அந்த விமானப் பயணத்தை ஏற்பாடு செய்தவர்களில் ஒருவர் அபுதாபியின் சர்வதேச வானியல் நிலையத்தினர். உலகெங்கும் பிறை பார்ப்போரின் தகவல்களைத் திரட்டும் திட்டத்தை நடத்துவதும் அதே நிலையம்தான். பிறைக்குப் பழகிய கண்களே அந்த மர்மப் பொருளையும் பார்க்க வந்தன.

பழங்கதையை எப்படிப் பார்ப்பது?

நம் மாவட்டத்திலேயே ஒரு வான் கதை உண்டு. இராவணனை வென்று புஷ்பக விமானத்தில் திரும்பிய இராமர், சிலாபத்துக்கு அருகிலுள்ள முன்னேஸ்வரத்தில் இறங்கி வழிபட்டார் என்பது இந்துச் சகோதரர்களின் ஐதீகம். அது அவர்களுடைய நம்பிக்கையைச் சேர்ந்தது. அதை மதிக்க வேண்டும். ஆனால் அந்தக் கதையை வைத்து அன்றே இயந்திர விமானம் இருந்தது என்று ஒருவர் வாதிட்டால், அது விஞ்ஞானக் கூற்றாகிவிடுகிறது. அப்போது ஆதாரம் கேட்கலாம். இராவணனின் வான் பயணங்கள் பற்றிய ஆவணங்கள் இருந்தால் தருமாறு 2020 ஜூலையில் நம் நாட்டுப் பத்திரிகைகளில் அரச விளம்பரமே வந்தது. இந்தியாவில் 'வைமானிக சாஸ்திரம்' என்ற நூலைப் பழங்கால விமான நூல் என்றார்கள். பெங்களூர் இந்திய விஞ்ஞான நிறுவனத்தினர் 1974இல் அதை ஆராய்ந்து, அது 20ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்டது, அதில் சொன்ன விமானங்கள் பறக்க முடியாதவை என்று காட்டினார்கள்.

ஆனால் 2019 ஜூனில் சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து விடப்பட்ட, இலங்கைப் பொறியியலாளர்கள் இருவர் உருவாக்கிய சிறு செய்மதி உண்மையாகவே பூமியைச் சுற்றியது. அதன் பெயர் இராவணா-1. பழங்கதைக்கு இதைவிட நல்ல மரியாதை இருக்க முடியாது.

வதந்தியின் விலை

வானத்தில் எதையோ கண்டு யாரோ எதையோ சொன்னால் நமக்கென்ன என்று சிலர் கேட்கலாம். புத்தளத்தின் பெற்றோருக்கு 2011 ஆகஸ்ட் மாதம் மறந்திருக்காது. 'கிறீஸ் பூதம்' என்ற கதை நாட்டின் பல பகுதிகளில் பரவியது. பெண்கள் மாலையிலேயே கதவடைத்தார்கள். ஆண்கள் பொல்லுகளோடு காவல் நின்றார்கள். நம் நகரில் கலவரம் வெடித்து, பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவர் உயிரிழந்தார். எது உண்மையில் நடந்தது, எது பயத்தில் பிறந்தது என்று பிரித்துப் பார்க்க அந்த நாட்களில் பொறுமை இருக்கவில்லை. பயந்த பெண்களைப் பொய்யர் என்று தள்ளிவிடுவதும் விசாரணை அல்ல. கேட்டதை எல்லாம் நம்பி ஓடுவதும் விசாரணை அல்ல. நம்பகமற்றவர் கொண்டுவரும் செய்தியைத் தீர விசாரியுங்கள், இல்லையேல் அறியாமல் பிறருக்குத் தீங்கு செய்துவிட்டு வருந்துவீர்கள் என்பதே ஸூரத்துல் ஹுஜுராத்தின் ஆறாவது வசனம் தரும் எச்சரிக்கை.

அடுத்த முறை வானத்தில் எதையாவது கண்டால், பகிர்வதற்கு முன் இவற்றைச் செய்து பாருங்கள்.

1. நேரத்தையும் திசையையும் உடனே எழுதுங்கள்.
2. கையை நீட்டி முட்டியைப் பொத்திப் பிடித்தால் அதன் அகலம் ஏறத்தாழ 10 பாகை. அடிவானத்திலிருந்து எத்தனை முட்டி உயரம் என்று அளவுங்கள்.
3. இருட்டில் தனி ஒளியை உற்றுப் பார்த்தால் அசையாததும் அசைவது போலிருக்கும். ஒரு மின்கம்பத்தின் ஓரத்தோடு அதைச் சேர்த்துப் பிடித்து, உண்மையில் நகர்கிறதா என்று பாருங்கள்.
4. பக்கத்திலுள்ளவரிடம், நீங்கள் கண்டதைச் சொல்லாமல், அவர் கண்டதை முதலில் கேளுங்கள்.

இந்தப் பழக்கம் நமக்கு விரைவில் தேவைப்படும். மன்னார் வளைகுடாவுக்கு அப்பால், கற்பிட்டியிலிருந்து 200 கி.மீ.க்கும் குறைவான தூரத்தில், தூத்துக்குடி மாவட்டத்துக் குலசேகரன்பட்டினத்தில் இந்தியாவின் இரண்டாவது ரொக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பெப்ரவரி 28ஆம் திகதி அடிக்கல் நாட்டப்பட்டது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தென்திசையில் செல்லும் ரொக்கெட்டுகள் இலங்கைக்கு மேலாகப் போகாதிருக்க வளைந்து போக வேண்டியிருக்கிறது. புதிய தளத்திலிருந்து அவை நேராகத் தெற்கே போகலாம். அப்போது நம் மேற்கு வானத்தில் நெருப்புக் கோடொன்று எழும்பும். வட்ஸ்அப்பில் என்னென்ன வரும் என்று இப்போதே சொல்லிவிடலாம்.

என் தம்பி இப்போது பயப்படுவதில்லை. மாலையில் முற்றத்துக்கு ஓடுகிறான். எதையாவது கண்டால் "உம்மா" என்று கத்துவதற்கு முன் நேரத்தைப் பார்க்கிறான்.