ஓரியைக் கொன்றது யார்?

சென்ற ஆடிப் பதினெட்டாந் தேதியன்று நாம் கொல்லிமலைக்குப் போயிருந்தோம். சேந்தமங்கலம் வழியாகக் காரவள்ளி அடிவாரத்தை அடைந்து, அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளையும் பஸ்ஸிலே ஏறிக் கடந்து, சோளக்காட்டில் சற்றுக் காற்று வாங்கிக்கொண்டு செம்மேட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது உச்சிவேளை ஆகிவிட்டது. கீழே நாமக்கல்லில் விட்டுவந்த புழுக்கத்தை அங்கே நினைக்கவும் முடியவில்லை. ஆடி 17, 18 தேதிகளில் செம்மேட்டில் வல்வில் ஓரி விழா நடப்பதை நேயர்கள் அறிவார்கள். அதைக் காணவே நாமும் சென்றோம்.

மலையின் காட்சிகளை விரித்துரைக்க இங்கு இடமில்லை. பெரியகோவிலூரில் அறப்பளீசுவரர் ஆலயமும், அதற்கப்பால் ஆயிரம் படிகள் போல இறங்கினால் ஐயாற்றின் ஆகாய கங்கை அருவியும் உள்ளன. கொல்லிப்பாவையை எட்டுக்கை அம்மனாக இன்றும் வணங்குகிறார்கள். சங்கப் புலவர்கள் வியந்த பலாவும் உண்டு; இன்று அதனோடு மிளகும் காப்பியும் அன்னாசியும் சேர்ந்திருக்கின்றன. சாமையும் தினையும் குறைந்து வருவதாகக் குடியானவர்கள் சொன்னார்கள். அது தனியாக எழுதவேண்டிய விஷயம். மலைவாசிகளுக்கு மலையாளிகள் என்று பெயர். கேரளத்தாரோடு இவர்களுக்கு யாதொரு சம்பந்தமும் இல்லை. தங்கள் முன்னோர் காஞ்சியிலிருந்து வந்தவர்கள் என்பது இவர்களுடைய ஐதிகம்.

விழாவிலே கூட்டத்துக்குக் குறைவில்லை. ஓரியின் கொடையைப் பற்றியும், வில்லின் திறத்தைப் பற்றியும் பேசினார்கள். யானையையும் புலியையும் மானையும் பன்றியையும் உடும்பையும் ஒரே அம்பு துளைத்துச் சென்ற கதையைப் பேசாதவர் இல்லை. வன்பரணர் புறநானூற்றில் பாடிய கதை அது. எத்தனை முறை கேட்டாலும் அலுக்காது. ஆனால் நாம் சிலைக்கு அருகே நின்றுகொண்டிருந்தபோது, தலைப்பாகை கட்டிய முதியவர் ஒருவர் எம்மைப் படித்தவர் என்று எண்ணியோ என்னவோ, “ஏனுங்க, இவரு எப்படிச் செத்தாரு?” என்று கேட்டார். கொன்றுவிட்டார்கள் என்றோம். “கொன்னது யாருங்க?” என்றார்.

வக்கீல் தொழிலில் எத்தனையோ கேள்விகளுக்கு விடை சொல்லிப் பழகிய நாம் அந்தக் கேள்விக்குச் சிறிது தயங்கினோம் என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஏனெனில், கொன்றவன் அந்நியன் அல்லன். காட்டிலிருந்து வந்த கொள்ளைக்காரனும் அல்லன். முள்ளூர் மன்னனாகிய மலையமான் திருமுடிக்காரி. கடையெழு வள்ளல்களில் ஒருவன். சிறுபாணாற்றுப்படையில் நல்லூர் நத்தத்தனார் எழுவரை வரிசைப்படுத்துகிறாரே, அந்த வரிசையில் ஓரியும் இருக்கிறான், காரியும் இருக்கிறான். காரி ஓரியைக் கொன்று கொல்லிமலையைச் சேரருக்குக் கொடுத்தான் என்று கல்லாடனார் அகநானூற்றில் சொல்லுகிறார். கொடை என்றால் இதுவும் ஒரு கொடைதான்! ஒருவனுடைய மலையை அவனைக் கொன்று எடுத்து, மூன்றாமவனுக்குத் தானம் செய்வது.

இந்த வழக்கில் எமக்கு மிகவும் முக்கியமாகத் தோன்றும் சாட்சி கபிலர். நற்றிணையில் அவர் பாடிய அகப்பாட்டு ஒன்று உண்டு. பின்னத்தூர் நாராயணசாமி ஐயர் அந்நூலை 1915-ல் உரையோடு பதிப்பித்துக் கொடுத்த பிறகு எளிதிற் படிக்கக் கிடைக்கிறது. பரத்தை ஒருத்தியால் ஊரிலே எழுந்த ஆரவாரத்துக்கு உவமை சொல்லவந்த புலவர், ஓரியைக் கொன்றுவிட்டு அவனுடைய பெருந்தெருவிலே காரி நுழைந்தபோது எழுந்த பேரொலியைச் சொல்லுகிறார். அந்தத் தெரு எந்த ஊரில் இருந்தது என்று பாட்டில் இல்லை. யார் அழுதார், யார் ஓடினார் என்றும் இல்லை. சத்தம் மாத்திரம் இருக்கிறது. கபிலரோ காரியிடம் பரிசில் பெற்றவர். புறநானூற்றில் அவனைப் பல பாட்டுக்களாற் புகழ்ந்தவர். எதிர்க்கட்சியைச் சேர்ந்த சாட்சி தன் கட்சிக்குப் பாதகமான சங்கதியை வாய்தவறி ஒப்புக்கொண்டால் நியாயஸ்தலத்தில் அதற்கு எவ்வளவு மதிப்பு என்பதை நம் தொழிற்காரர்கள் அறிவார்கள்.

காரியோடு கதை முடிந்துவிடவும் இல்லை. காரியின் கோவலூரை அதிகமான் நெடுமான் அஞ்சி எறிந்தான். அவனும் எழுவரில் ஒருவன். அந்த அதிகமானையும், அவனோடு சேர்ந்த இருபெரு வேந்தரையும் பெருஞ்சேரல் இரும்பொறை வென்றான்; தகடூரையும் எறிந்தான். பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்துப் பதிகம் அந்த வெற்றியை இந்தக் கொல்லிக் கூற்றத்திலேயே வைத்துச் சொல்லுகிறது. நாம் வள்ளல்கள் என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்கிற எழுவரில் மூவர் இந்த ஒரு மலையைச் சுற்றிய பகையிலே சம்பந்தப்பட்டிருக்கிறார்கள். பரீட்சைக்கு எழுவர் பெயரைக் கேட்கிறார்கள், இதைக் கேட்பதில்லை.

முதியவரின் கேள்வி எமக்கு வேறோர் ஊரை நினைப்பூட்டியது. இரண்டு வருஷங்களுக்கு முன் நாம் கம்போடியா தேசத்தின் தலைநகரமாகிய புனோம் பென்னுக்குச் சென்றிருந்தோம். அரண்மனையையும் வெள்ளி விகாரத்தையும் பார்த்தோம். 1920-ல் திறக்கப்பட்ட காட்சிசாலையில், புனோம் டா குன்றிலிருந்து கொண்டுவந்த எட்டுக்கை விஷ்ணுவின் முன் வெகுநேரம் நின்றோம். அந்நாட்டுப் பழைய கல்வெட்டுக்களின் எழுத்து பல்லவர் எழுத்திலிருந்து பிறந்தது. மன்னர்கள் பெயரெல்லாம் வர்மன் என்று முடிகின்றன. சொந்தக்காரர் வீட்டுக்குப் போனதுபோல் எமக்கு உள்ளம் பூரித்தது உண்மை. மறுநாட் காலையிலே எம்மை ஒரு பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போனார்கள்.

1975 ஏப்ரல் 17-ல் கெமர் ரூஜ் படையினர் அந்நகரைப் பிடித்து, ஏறக்குறைய 20 லட்சம் ஜனங்களைச் சில தினங்களில் ஊரைவிட்டே துரத்தினார்கள். துவோல் ஸ்லெங் என்னும் இடத்திலிருந்த அந்த உயர்தரப் பள்ளியைச் சிறைச்சாலை ஆக்கினார்கள். வகுப்பறைக்குள்ளே செங்கற் சுவரெழுப்பி ஓராள் படுக்கும் அறைகள் கட்டியிருக்கிறார்கள்; கரும்பலகை இருந்த அறைகளில் இரும்புக் கட்டிலும் விலங்கும் கிடக்கின்றன. பதினாலாயிரத்துக்குக் குறையாத பேர் அங்கே அடைபட்டார்கள். பிழைத்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். கொண்டுவரப்பட்ட ஒவ்வொருவரையும் நிறுத்திப் புகைப்படம் எடுத்து வைத்திருந்தார்கள். அந்தப் படங்கள் சுவர் முழுவதும் இருக்கின்றன. குழந்தையை ஏந்திய தாயாரும் அவற்றில் உண்டு. சிறைத் தலைவனாயிருந்த துய்ச் என்பவன் முன்னாள் கணித உபாத்தியாயர் என்று கேட்டபோது எமக்குப் பேச்செழவில்லை. நகருக்கு வெளியே சுமார் 15 கிலோமீட்டரில் உள்ள சூங் எக் வயல்வெளிதான் கொலைக்களம். அங்கே தோண்டியெடுத்த மண்டையோடுகளை 1988-ல் கட்டிய ஸ்தூபியில், கண்ணாடிக்குப் பின்னே அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

கொன்றவர்களும் கெமர், மாண்டவர்களும் கெமர். இதை அவர்கள் மறைக்கவில்லை. துய்ச்சை நியாயஸ்தலத்தில் நிறுத்தி 2010-ல் குற்றவாளி என்று தீர்மானித்தார்கள். 2012-ல் மேல்மன்று தண்டனையை ஆயுட்சிறையாக உயர்த்தியது. 2020-ல் சிறைவாசத்திலேயே அவன் இறந்தான். 2025 ஜூலையில் ஐக்கிய நாடுகளின் கல்வி விஞ்ஞான கலாசார ஸ்தாபனம் அந்தப் பள்ளியையும் வயலையும், இன்னொரு சிறையிருந்த இடத்தையும் உலக பாரம்பரியப் பட்டியலிற் சேர்த்தது. அங்கோர் கோயில்கள் இருக்கிற அதே பட்டியல். யாத்திரிகனுக்கு ஒரே ஊரில் எட்டுக்கை விஷ்ணுவையும் காட்டுகிறார்கள், இரும்புக் கட்டிலையும் காட்டுகிறார்கள். எமக்கு வழிகாட்டிய இளைஞர் இரண்டையும் ஒரே குரலிற் சொன்னார்.

இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்திய சிற்றரசர் சண்டையை இந்தப் பெருங்கொலையோடு ஒப்பிடலாமா என்று ஆக்ஷேபிப்பவர் இருப்பர். ஒப்பிடலாகாது, நாமும் ஒப்பிடவில்லை. பதினேழு லட்சம் பேர் மாண்டதற்கு ஒரு மன்னனின் மரணம் ஈடாகாது. அந்நாளில் போரிற் கொல்லுவது குற்றமென்று எவரும் கருதவுமில்லை. நாம் கேட்பது வேறு. புண் ஆறாத ஜனங்கள், பெற்ற தாயை இழந்தவர் இன்னும் உயிரோடிருக்கும்போதே, தம்மவர் தம்மவரைக் கொன்றதைச் சொல்லத் துணிகிறார்கள். நமக்கோ அந்தக் காயமே இல்லை; காரிக்காக மனம் நோகிறவர் இன்று யார்? ஆயினும் நமது மேடைகளில் ஓரி ஈந்தான், எய்தான் என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது. பாரியைப் பற்றிப் பேசினால் தேரும் முல்லையும் வருகின்றன. மூவேந்தரும் சூழ்ந்து அவனை மாய்த்தது அவசரமாகக் கடந்துபோகிறது. தமிழர் ஒற்றுமையைப் பற்றி ஒரு மணி நேரம் பிரசங்கிக்கும் நண்பர்களுக்கு இதைவிடப் பெரிய பாடம் கிடைக்குமோ தெரியவில்லை, எடுத்தாள்வாரைக் காணோம்.

முதியவருக்கு நாம் கடைசியில் எல்லாவற்றையும் சொன்னோம். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்போ அவரும் நல்லவருதானுங்களே?” என்றார். ஆம், புலவர்கள் அப்படித்தான் பாடியிருக்கிறார்கள் என்றோம். அவர் சிலையை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். பிறகு கடைத்தெருப் பக்கம் போய்விட்டார்.

விழா நடத்துவோர்க்கு எமது வேண்டுகோள் ஒன்றே. அடுத்த ஆடிக்குள் செம்மேட்டில் சிலைக்கருகே ஒரு கல் நாட்டலாம். பெரிய மண்டபம் வேண்டாம். ஆள் உயரக் கல் போதும். ஓரி இந்த மலையை ஆண்டான், காரி அவனைக் கொன்றான், மலை சேரர் வசமாயிற்று, ஊரார் கதறிய சத்தத்தைக் கபிலர் பாட்டில் வைத்தார் என்ற நான்கு செய்திகளையும், கல்லாடனார் பெயரையும் கபிலர் பெயரையும் அதில் வெட்டவேண்டும். எழுத்துப் பெரிதாயிருக்கட்டும்; அருவிக்குப் போகிற அவசரத்தில் பஸ் ஜன்னல் வழியாகப் பார்க்கிறவர்களும் படிக்கவேண்டுமல்லவா?