முதலில் பெட்டி, பிறகு கணக்கு

"கோபோல் படிக்கப் போகிறேன்" என்று பேரன் சொன்னால், "கோபாலா? எந்தத் தோட்டத்துப் பிள்ளை?" என்று நம் பாட்டிமார் கேட்பார்கள். கோபோல் ஆளல்ல, வணிகக் கணக்குகளைக் கணிப்பொறிக்குச் சொல்லித்தர ஏற்பட்ட மொழி. 1959இல் அமெரிக்காவில் இதற்கான குழு கூடியது. 1960இல் மொழியின் இலக்கணம் வெளிவந்தது. கிரேஸ் ஹாப்பர் அம்மையார் முன்னதாக உருவாக்கியிருந்த ஃப்ளோமேட்டிக் என்ற மொழியே இதற்கு வழிகாட்டி. அவர் கடற்படையில் சேருமுன் கல்லூரியில் கணிதம் கற்பித்தவர்.

கிழட்டு மொழிதானே என்று ஒதுக்கிவிட முடியாது. 2020 ஏப்ரலில், கொரோனாவால் வேலை இழந்தோர் உதவித்தொகைக்குக் குவிந்தபோது, கோபோல் தெரிந்தவர்கள் உதவிக்கு வரவேண்டும் என்று நியூ ஜெர்சி மாநில ஆளுநரே வேண்டுகோள் விடுத்தார்.

சரி, புதிதாகப் படிக்க வரும் பிள்ளைக்கு முதலில் எதைச் சொல்லித் தருவது? பலர் கூட்டு, கழி, பெருக்கு என்ற கட்டளைகளில் தொடங்குகிறார்கள். கட்டளைகள் எளிய ஆங்கிலச் சொற்கள். பிள்ளைகளும் மளமளவென்று எழுதிவிடுவார்கள். ஆனால் விடை தப்பாக வரும்போது காரணம் புரியாமல் விழிப்பார்கள்.

கோபோல் நிரலுக்கு நான்கு பகுதிகள். முதலாவது பெயரைச் சொல்லும். இரண்டாவது இயந்திரச் சூழலைச் சொல்லும். மூன்றாவது விவரங்களை அடுக்கும். நான்காவது வேலையைச் செய்யும். மூன்றாவதான விவரப் பகுதியில்தான் பாடம் தொடங்கவேண்டும் என்பது என் கருத்து.

தோட்டத்துச் செக்ரோலை நினைத்துப் பாருங்கள். கிராணி முதலில் கோடு போட்டுக் கட்டம் பிரிப்பார்: பெயர், வேலை நாள், முன்பணம், பிடித்தம், கைக்கு வரும் சம்பளம். அதன் பிறகுதான் கணக்கு. கோபோலிலும் அப்படியே. ஒவ்வொரு கட்டமும் எத்தனை இலக்கம் கொள்ளும் என்பதை 'பிக்சர்' என்ற சொல்லால் முன்கூட்டியே குறிக்கவேண்டும். ஓர் இலக்கத்துக்கு ஓர் 9. வெள்ளிக்கும் காசுக்கும் இடையே 'வி' என்ற ஆங்கில எழுத்து. அது புள்ளி இருக்கும் இடத்தைக் காட்டுமே தவிர, தனி இடம் பிடிக்காது.

இதில் தவறினால் என்ன ஆகும்? வெள்ளிக்கு மூன்றே இலக்கம் ஒதுக்கிய கட்டத்துக்கு 1,234.50 வெள்ளியை 'மூவ்' கட்டளையால் மாற்றினால், 234.50தான் தங்கும். ஆயிரம் வெள்ளி சத்தமில்லாமல் மறைந்துவிடும். இன்னொன்று: முன்பணம் அதிகம் வாங்கிய ஒருவர் 15 வெள்ளி திருப்பித் தரவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கழித்தல் குறிக்கு இடம் தரும் 'எஸ்' என்ற எழுத்தைக் கட்டத்தில் சேர்க்க மறந்தால், குறி உதிர்ந்து, அவருக்கே 15 வெள்ளி வரவேண்டியதுபோல் காட்டும்!

2000ஆம் ஆண்டு பிறக்கும்போது உலகமே பதறியதும் இதே கட்டத் தகராறுதான். இடத்தை மிச்சம் பிடிக்க ஆண்டுக்கு இரண்டே இலக்கம் ஒதுக்கியிருந்த நிரல்களில், 00 என்பது 1900ஆ 2000ஆ என்ற குழப்பம். கட்டளைகளில் பிழையில்லை, கட்டம் குறுகியது.

ஆகவே முதல் வாரம் கணிப்பொறியைத் தொடவே வேண்டாம். காகிதத்தில் ஐந்து பேரின் சம்பளப் பட்டியலைப் போடச் சொல்லுங்கள். அதில் ஒருவருக்குப் பெரிய தொகை, ஒருவருக்குச் சுழியம், ஒருவருக்குக் கடன் இருக்கட்டும். கையால் கணக்கிட்டு விடையை எழுதி வைத்துக்கொள்ளட்டும். இரண்டாம் வாரம் அந்தக் கட்டங்களைக் கோபோலில் எழுதட்டும். கட்டளைகள் அதற்குப் பிறகு வரட்டும். ஒரு பதிவைப் படி, கணக்கிடு, எழுது, பட்டியல் முடியும்வரை திரும்பச் செய்: இந்தச் சுற்று பிடிபட்டால் பாதிக் கோபோல் கைவந்த மாதிரிதான். முடிவில் கணிப்பொறியின் விடையைக் கைக்கணக்கோடு ஒத்துப் பார்க்கவேண்டும். பழக விரும்புவோருக்குக் க்னூகோபோல் என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது.

பெற்றோர்களே, பிள்ளையை வகுப்பில் சேர்க்குமுன் "முதல் வாரம் என்ன பாடம்?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கட்டம் போடக் கற்பிக்கிறார்கள் என்றால் தயங்காமல் சேருங்கள். சம்பளச் சீட்டில் ஒரு காசு குறைந்தாலும் வருந்துவது இயந்திரமல்ல, உழைத்த மனிதரே. அதை உணர்ந்த பிள்ளையே நல்ல நிரல் எழுதும்.