சுவிட்சைப் பார்த்துக் கற்ற வீடு

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், போல்டர் நகரத்துப் பழைய பள்ளிக்கூடக் கட்டடம் ஒன்று 1990-களில் தானே மாணவனாகிவிட்டது. அதை வீடாக மாற்றிக் குடியேறியவர் கொலராடோ பல்கலைக்கழகக் கணினிப் பேராசிரியர் மைக்கேல் மோசர். சுமார் 75 சென்சார்களைப் பொருத்தினார். எந்த அறையில் நடமாட்டம், எவ்வளவு வெளிச்சம், எந்தக் கதவு திறந்திருக்கிறது என்ற சேதியெல்லாம் ஒரு கணினிக்குப் போகும். விளக்கு, மின்விசிறி, வாட்டர் ஹீட்டர், வீட்டைச் சூடாக்கும் அடுப்பு எல்லாம் அதன் பொறுப்பு.

இன்று ‘ஸ்மார்ட்’ என்று விற்கும் சாதனங்களில் பல, சொன்னதைச் செய்பவைதாம். ஆறு மணிக்கு விளக்கு எரிய வேண்டுமென்று நாம்தான் செல்பேசியில் குறித்துவைக்க வேண்டும். மோசர் வீட்டுக்கு யாரும் எதையும் குறித்துக் கொடுக்கவில்லை.

பிறகு எப்படிக் கற்றது? சுவரில் இருந்த சாதாரண சுவிட்சுகளிலிருந்து. வீடு வேண்டுமென்றே விளக்கைக் கொஞ்சம் மங்கலாக்கிப் பார்க்கும். அவர் எழுந்து வெளிச்சத்தைக் கூட்டினால் அது புகார். பேசாமல் இருந்தால் அந்த வெளிச்சமே போதும். மின்சாரச் செலவையும் அவருக்கு நேர்ந்த தொந்தரவையும் பணக்கணக்கில் கூட்டி, மொத்தத்தைக் குறைக்கப் பார்க்கும். குடியிருப்பவர் புதிதாக எதையும் படிக்க வேண்டியதில்லை, கைப்பழக்கமே பாடம். இந்த வடிவமைப்பின் உண்மையான அழகு இதுதான். 2011-இல் வந்த, வீட்டின் வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் நெஸ்ட் தெர்மோஸ்டாட்டும் வீட்டார் அதைத் திருகுவதைப் பார்த்தே கற்றது.

ஆனால் மோசர் வீட்டில் ஒரு சிக்கல். ஆளைச் சென்சார் கண்டு, கட்டளை போய் விளக்கு எரிவதற்குள் முக்கால் விநாடி போல ஓடிவிடும். அதற்குள் அவர் இருட்டில் சில அடி நடந்திருப்பார். எனவே, அடுத்த 2 விநாடிகளில் அவர் எங்கே நுழைவார் என்று முன்கூட்டியே ஊகிக்க நியூரல் நெட்வொர்க் என்னும், பார்த்துக் கற்கும் கணினி நிரல் ஒன்றைப் பழக்கினார்கள். கால் வைப்பதற்கு முன்பே அறையில் வெளிச்சம் வந்தது. சில சமயம் யாரும் போகாத அறையிலும் வந்தது.

அவர் திரும்பும் நேரத்தையும் வீடு கணித்து அறைகளைச் சூடாக்கிவைக்கும். இரவு எட்டு மணிக்கு அலுவலகத்தில் இருக்கும்போது, இன்னும் சில மணி நேரம் வேலை பார்க்கலாம் என்றிருந்தாலும், வீடு காத்திருக்குமே என்ற எண்ணத்தில் கிளம்பிவிடத் தோன்றியதாக மோசர் பின்னாளில் எழுதினார்.